முதல் புல் ரிக்வெஸ்ட் வருமுன்: அறிவியல் மென்பொருளுக்கு உரிமமும் நிர்வாகமும் அமைக்கும் வழி

பாபநாசம் அணைக்கு உச்ச மட்டம் 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. இன்று எத்தனை அடி நிற்கிறது என்று காலையில் நாளிதழில் தேடுவது திருநெல்வேலிச் சீமையில் பலருக்குப் பழக்கம். அதேபோல ஒரு குளத்தின் அளவுகோல் காட்டும் அடியை வைத்து உள்ளே எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, பிசான நெல் பருவத்துக்கு எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லும் பைத்தான் என்ற கணினி மொழியில் சின்ன நிரல் தொகுப்பு ஒன்றைப் பாளையங்கோட்டையில் நான்கு மாணவர்களும் ஒரு பேராசிரியரும் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்தத் தொகுப்புதான் நமக்கு எடுத்துக்காட்டு.

நிரல் ஓடத் தொடங்கியதும் நிரலைப் பகிரும் இணையதளமான கிட்ஹப்பில் ஏற்றிவிடுவார்கள். ஏற்றியாகிவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. பதிவு எதுவும் வேண்டாம். எழுதியவுடன் உரிமை பிறந்துவிடும், எழுதியவர் காலமான பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். உரிமம் எதுவும் எழுதி வைக்காத நிரலை மற்றவர்கள் அந்தத் தளத்தில் பார்க்கலாம், தளத்தின் விதிப்படி தங்கள் கணக்கில் ஒரு நகல் (ஃபோர்க்) எடுக்கலாம். தங்கள் வேலையில் சேர்க்கவோ, திருத்தி வெளியிடவோ அவர்களுக்கு அனுமதி இல்லை. கவனமாக வேலை செய்யும் ஆய்வகங்கள் உரிமம் இல்லாத நிரலைத் தொடுவதே இல்லை.

அடுத்த சிக்கல் ஆறு மாதம் கழித்து வரும். முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பிழையைத் திருத்தி, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்புவார்; இதுதான் புல் ரிக்வெஸ்ட். அவர் எழுதிய பத்து வரி யாருக்குச் சொந்தம்? அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? நாளைக்கு உரிமத்தை மாற்ற வேண்டுமென்றால் அவரையும் கேட்க வேண்டுமா? ஐந்து பேராக இருக்கும்போது ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் இதற்கெல்லாம் பதில் எழுதிவிடலாம். ஐம்பது பேரான பிறகு, படிப்பு முடித்துப் போய் மின்னஞ்சல் முகவரியும் மாறிப்போன ஆட்களைத் தேடி அலைய வேண்டும். ஆகவே முதல் வெளி ஆள் வருவதற்கு முன்பே கீழே உள்ளவற்றை வரிசையாக முடித்துவிடுங்கள்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. "காப்புரிமை" என்று காப்பிரைட்டையும் சொல்கிறோம், பேடண்டையும் சொல்கிறோம்; பாதிக் குழப்பம் அதில்தான் தொடங்குகிறது. இங்கே காப்பிரைட் என்பதைப் பதிப்புரிமை என்றும், பேடண்டைப் பேடண்ட் என்றுமே எழுதுகிறோம்.

முதல் படி: நிரல் யாருடையது?

உரிமம் கொடுக்க உரிமை உள்ளவர்தான் உரிமம் கொடுக்க முடியும். சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்வது: எழுதியவரே முதல் உரிமையாளர், ஆனால் சம்பள வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர். நம் எடுத்துக்காட்டில் மாணவர்கள் கல்லூரியின் ஊழியர்கள் இல்லை, எனவே அவர்கள் எழுதியது பொதுவாக அவர்களுடையது. பேராசிரியர் எழுதிய பகுதிக்குக் கல்லூரி உரிமை கோரலாம். அரசுக் கல்லூரி என்றால் கேள்வி அரசு வரை போகும். ஆய்வு நிதி வாங்கியிருந்தால் அந்த ஒப்புதல் கடிதத்தின் பின்பக்க நிபந்தனைகளையும் படியுங்கள். பெரும்பாலும் யாரும் படிக்காத பக்கம் அது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: கல்லூரி முதல்வரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குவது. "இன்ன பெயருள்ள மென்பொருளில் கல்லூரிக்கு இருக்கும் பதிப்புரிமையைப் பொறுத்தவரை, அதைப் பிஎஸ்டி மூன்று பிரிவு உரிமத்தின்கீழ் வெளியிடக் கல்லூரி சம்மதிக்கிறது, இதே மென்பொருளில் இனி எழுதப்படும் திருத்தங்களுக்கும் இந்தச் சம்மதம் பொருந்தும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுமைக்கும் செல்லும்." இவ்வளவு போதும். பிஎஸ்டி என்றால் என்ன என்பது அடுத்த படியில் வரும்.

காலத்தையும் எல்லையையும் சொல்லும் அந்தக் கடைசித் தொடரை விட்டுவிடாதீர்கள். உரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு கொள்கிறது. நல்ல மனதோடு ஒற்றை வரியில் எழுதித் தந்த கடிதம் ஐந்தாம் ஆண்டு காலாவதியாகி நிற்பதற்கு இதுதான் காரணம். கடிதத்தை ஸ்கேன் செய்து பேராசிரியரிடம் ஒரு படி, மாணவர்களிடம் ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். முதல்வர் மாறினாலும் கடிதம் இருக்கும்.

இரண்டாம் படி: உரிமத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாக உரிமம் எழுத முயலாதீர்கள். திறமூலம் என்றால் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்பது. திறமூல முன்முயற்சி அமைப்பான ஓஎஸ்ஐ 1998-இல் தொடங்கியது. அது ஏற்றுக்கொண்ட உரிமங்களின் பட்டியலுக்குள்ளேயே எடுங்கள். அறிவியல் நிரலுக்கு உண்மையில் தேவைப்படுபவை நாலைந்துதான்.

எம்ஐடி உரிமமும் பிஎஸ்டி உரிமமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: என்ன வேண்டுமானாலும் செய், எங்கள் பெயரும் இந்த உரிம வாசகமும் கூடவே இருக்கட்டும், நட்டம் வந்தால் எங்களைக் கேட்காதே. பிஎஸ்டியின் மூன்று பிரிவு வடிவத்தில் கூடுதலாக ஒரு வரி உண்டு: எங்கள் பெயரைச் சொல்லி உன் பொருளை விளம்பரம் செய்யாதே. ஒரு கல்லூரியின் பெயர் தொடர்புடைய நிரலுக்கு அந்த வரி பயனுள்ளது. அறிவியல் வேலைக்குப் பைத்தான் உலகில் பயன்படும் நம்பை, சைபை, சைகிட்-லேர்ன், ஜூப்பிட்டர், ஆஸ்ட்ரோபை எல்லாமே இந்த மூன்று பிரிவு பிஎஸ்டியில் இருப்பவை. ஜூலியா என்ற மொழி எம்ஐடி உரிமத்தில்.

அப்பாச்சி 2.0 (2004) இதே தாராளத்தோடு பேடண்ட் உரிமத்தையும் வெளிப்படையாகத் தருகிறது. நிரலைப் பயன்படுத்திக்கொண்டே அதன்மேல் பேடண்ட் வழக்குப் போடுபவருக்கு அந்த பேடண்ட் உரிமம் போய்விடும். இந்தியாவில் வெறும் கணினி நிரலுக்குப் பேடண்ட் இல்லை என்று 1970-ஆம் ஆண்டு பேடண்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, கே உட்பிரிவு சொல்கிறது. ஆனால் உங்கள் நிரல் அமெரிக்காவிலும் ஓடும். கருவிகளோடு, தொழிற்சாலைகளோடு தொடர்புள்ள நிரல் என்றால் அப்பாச்சியை யோசியுங்கள்.

ஜிபிஎல் உரிமம் வேறு நோக்கம் கொண்டது. வாங்கியவர் திருத்தி மற்றவருக்குக் கொடுத்தால், மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். புள்ளியியலுக்கான ஆர் மொழி, கணிதத்துக்கான ஆக்டேவ், நிலவரைபடங்களுக்கான கியூஜிஐஎஸ், திரவ ஓட்டக் கணக்குக்கான ஓப்பன்ஃபோம் இந்தக் குடும்பம். இதைப் பற்றி நம் கல்லூரிகளில் உலவும் இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டும். ஜிபிஎல் நிரலைக் காசுக்கு விற்கலாம், தடை இல்லை. ஆர் மொழியில் வரைந்த வரைபடமும், அதை வைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையும் ஜிபிஎல்லுக்குள் வராது. நிரலின் விளைவு வேறு, நிரல் வேறு. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: நிரலைத் தன் சர்வரில் ஓட்டி இணையம் வழியே சேவை மட்டும் தருபவர் அதை யாருக்கும் "கொடுக்கவில்லை". அவரும் மூலத்தைத் தர வேண்டும் என்று விரும்பினால் ஏஜிபிஎல் (2007) வேண்டும்.

எங்கள் பரிந்துரை இது. மற்றவர்கள் தங்கள் நிரலுக்குள் அழைத்துப் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் மூன்று பிரிவு பிஎஸ்டி. சுற்றியிருக்கும் பைத்தான் உலகம் முழுக்க அதில்தான் இருக்கிறது, உரசல் இருக்காது. தானே முழுமையாக ஓடும் செயலி, அதன் மேம்பாடுகள் திரும்பி வர வேண்டும் என்ற எண்ணம் திடமாக இருக்கிறது என்றால் ஜிபிஎல் 3. நம் குளத் தொகுப்புக்கு பிஎஸ்டி. பிற்பாடு அதைக் கியூஜிஐஎஸ் செருகுநிரலாக ஆக்க நினைத்தாலும் பிஎஸ்டி தடையாக இராது. அங்கே செருகுநிரல்கள் ஜிபிஎல் 2 அல்லது பிந்தையதோடு ஒத்துப்போக வேண்டும்.

"வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன என்று பேராசிரியர்கள் கேட்பார்கள். நிறுவனங்கள் சும்மா எடுத்துக்கொண்டு போகும் என்ற வருத்தம் நியாயமானது. ஆனால் அந்த வரி வந்தவுடன் அது திறமூலம் இல்லை. எந்தத் துறையினரையும் பயன்பாட்டையும் விலக்கக் கூடாது என்பது ஓஎஸ்ஐ வரையறையின் அடிப்படை. நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். ஊர் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் வணிக அமைப்பு. ஊராட்சிக்காக அளவை செய்து தரும் சிறு நிறுவனமும் வணிக அமைப்பு. யாருக்காக எழுதினீர்களோ அவர்களே தொட முடியாது. பெரிய நிறுவனமோ இரண்டு வாரத்தில் தானே எழுதிக்கொள்ளும்.

நிரலுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வேண்டாம். அது கட்டுரை, படம், கையேடு போன்றவற்றுக்கு உரியது. கையேட்டுக்கு அதில், எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும் என்னும் சிசி பை 4.0 நன்றாகப் பொருந்தும். தரவு மூன்றாவது வகை. குளத்தின் கரைக்கோட்டைத் திறந்த வரைபடத் தளமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தால் ஓடிபிஎல் உரிமம் கூடவே வரும்: மூலத்தைச் சொல்ல வேண்டும், அதிலிருந்து செய்த தரவுத்தளத்தை வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் வருவதற்கு 2017-இல் அறிவித்த அரசுத் திறந்த தரவு உரிமம் இருக்கிறது. அரசு இணையதளம் எதில் கண்டாலும் அந்த உரிமம் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆகவே நிரல், கையேடு, தரவு மூன்றையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்து ஒவ்வொன்றுக்கும் தன் உரிமக் கோப்பைப் போடுங்கள்.

மூன்றாம் படி: கடன் வாங்கிய வரிகள்

பிழை அதிகம் நடக்கும் இடம் இதுதான். எவ்வளவு நல்ல உரிமம் தேர்ந்தெடுத்தாலும், உள்ளே வேறு ஒருவருடைய நிரல் ஒளிந்திருந்தால் உங்கள் உரிமம் செல்லாது.

குளக் கொள்ளளவையே எடுத்துக்கொள்வோம். இரண்டு சம உயரக் கோடுகளுக்கு இடைப்பட்ட தண்ணீரின் கன அளவைக் கணக்கிட, கீழ்ப்பரப்பு, மேற்பரப்பு, இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, மூன்றால் வகுப்பார்கள். அந்தச் சூத்திரம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதை ஒருவர் எழுதி வைத்த பன்னிரண்டு வரி அவருடையது. மாறிகளின் பெயரை மாற்றினாலும், ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு வரிக்கு வரி மாற்றினாலும் அது அவர் படைப்பின் வழிவந்ததே. ஆர் தொகுப்பு ஒன்றில் ஜிபிஎல்லில் இருக்கும் நிரலைப் பார்த்து அப்படியே பைத்தானுக்குக் கொண்டுவந்து பிஎஸ்டி என்று எழுதக் கூடாது. சூத்திரம் வந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்து, நிரலை மூடி வைத்துவிட்டு, புதிதாக எழுதுங்கள்.

நிரல் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இருக்கும் துணுக்குகள், அதே உரிமத்திலேயே பகிரச் சொல்லும் சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் இருப்பவை; பிஎஸ்டி தொகுப்புக்குள் அப்படியே ஒட்ட முடியாது. பாடநூலில் அச்சான நிரல், நூலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதாலேயே பொதுச்சொத்து ஆகிவிடாது. மூத்த மாணவரின் ஆய்வேட்டுப் பிற்சேர்க்கையிலிருந்து எடுத்தது என்றால் அவரிடம் ஒரு மின்னஞ்சலில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்த நீளமான பகுதியையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சார்ந்திருக்கும் லைப்ரரிகளையும் பாருங்கள். ஃபூரியர் உருமாற்றத்துக்குப் புகழ்பெற்ற எஃப்எஃப்டிடபிள்யூவும், ஜிஎஸ்எல் என்னும் குனூ அறிவியல் லைப்ரரியும் ஜிபிஎல்லில் உள்ளவை. அவற்றை உள்ளே இழுத்து வைத்த தொகுப்பைப் பிஎஸ்டியாக மட்டும் விநியோகிக்க முடியாது. சைபை இந்த வேலைக்கு 2019-இல் பிஎஸ்டியில் இருக்கும் பாக்கெட்எஃப்எஃப்டியைத்தான் எடுத்துக்கொண்டது. இன்னொரு பொறி: அப்பாச்சி 2.0 நிரலை ஜிபிஎல் 3-இல் சேர்க்கலாம், "2 மட்டும்" என்று எழுதிய ஜிபிஎல்லில் சேர்க்க முடியாது. "பிப்-லைசென்சஸ்" என்ற கருவியை நிறுவி ஓட்டினால் உங்கள் சூழலில் இருக்கும் எல்லாத் தொகுப்புகளின் உரிமத்தையும் அட்டவணையாகத் தரும். "தெரியவில்லை" என்று வரும் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பாருங்கள்.

நான்காம் படி: கோப்புகள்

இது அரைமணி நேர வேலை. ரெப்போவின் (கிட்ஹப்பில் தொகுப்பின் கோப்புகள் இருக்கும் இடம்) முதல் ஃபோல்டரில் லைசென்ஸ் என்ற பெயரில் உரிமத்தின் முழு வாசகத்தையும் எழுத்துப் பிசகாமல் வையுங்கள். ஆண்டும் உரிமையாளர் பெயரும் மட்டும் நிரப்புவதற்கு. பெயர் இடத்தில் "இன்ன தொகுப்பின் பங்களிப்பாளர்கள்" என்று போட்டு, ஆட்களின் பட்டியலை ஆத்தர்ஸ் என்ற தனிக் கோப்பில் வைத்தால் ஒவ்வொரு ஆள் வரும்போதும் உரிமக் கோப்பைத் தொட வேண்டியதில்லை. வாசகத்தைத் தமிழில் மொழிபெயர்த்து மூலத்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். விளக்கமாக வேண்டுமானால் கையேட்டில் தமிழில் எழுதுங்கள்.

ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும், உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளம் ஒரு வரி இருக்கட்டும். இது ஐஎஸ்ஓ/ஐஇசி 5962:2021 என்ற தரநிலையாகிவிட்டது. ஒரு கோப்பு தனியாகப் பிரிந்து வேறெங்கோ போனாலும் அதன் உரிமம் கூடவே போகும். ஜிபிஎல் எடுத்தவர்கள் "மட்டும்" என்ற அடையாளமா "அல்லது பிந்தையது" என்ற அடையாளமா என்பதைத் தெளிவாகப் போட வேண்டும். இதைத் தவறவிட்டுப் பத்து ஆண்டு கழித்துத் திண்டாடிய தொகுப்புகள் உண்டு. ரீயூஸ் என்ற கருவி எந்தக் கோப்பில் அடையாளம் விடுபட்டது என்று காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாம் படி: வெளியார் தரும் நிரல்

இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, பங்களிப்பாளர் ஒப்பந்தம்: ஒவ்வொருவரும் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டுத் திட்டத்துக்கு அகன்ற உரிமை கொடுப்பது. பின்னாளில் உரிமத்தை மாற்ற வசதி. ஆனால் கையெழுத்து என்றதும் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். இரண்டாவது, டிசிஓ எனப்படும் மூலச் சான்று. 2004-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக உருவானது. "இதை நானே எழுதினேன், அல்லது தர எனக்கு உரிமை உண்டு, இந்தத் திட்டத்தின் உரிமத்திலேயே தருகிறேன்" என்று ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்யும் மாற்றத்தின்) அடியிலும் பெயரும் மின்னஞ்சலும் சேர்த்து உறுதி சொல்வது. கிட் கமிட் கட்டளையோடு சின்ன எஸ் எழுத்தைச் சேர்த்தால் அந்த வரி தானே விழும். மறந்துவிட்டால், பழைய கமிட்டுகளைத் திருத்தும் ரீபேஸ் கட்டளையில் சைன்ஆஃப் விருப்பத்தைச் சேர்த்து எல்லா கமிட்டிலும் போட்டுக்கொள்ளலாம்.

சிறிய திட்டத்துக்கு டிசிஓ போதும். அதன் உண்மையான பயன் ஓர் ஆளை நிறுத்தி யோசிக்க வைப்பது. படிப்பு முடித்துச் சென்னையிலோ பெங்களூரிலோ ஐடி வேலைக்குப் போன பழைய மாணவர் ராத்திரி உட்கார்ந்து திருத்தம் அனுப்புவார். வேலைக்குச் சேரும்போது அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஓய்வு நேரத்தில் எழுதுவதும் நிறுவனத்துக்கே என்று இருக்கலாம். "தர எனக்கு உரிமை உண்டு" என்ற வரியைப் பார்த்ததும் தன் மனிதவளத் துறையிடம் கேட்பார். அந்தக் கேள்வி அன்றே எழுவது நல்லது.

ஆறாம் படி: யார் முடிவெடுப்பது?

பெரிய திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தால் வழி தெரியும். பைத்தான் நெடுங்காலம் அதை உருவாக்கிய கீடோ வான் ராசம் ஒருவரின் இறுதிச் சொல்லில் நடந்தது. 2018 ஜூலையில் அவர் விலகினார். மாற்று ஏற்பாடு எழுதி வைக்கப்படாததால், அடுத்தது என்ன என்று பல மாதம் விவாதித்துத்தான் ஐந்து பேர் வழிநடத்தும் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இருவருக்கு மேல் அதில் இருக்கக் கூடாது. ஆர் மொழியை 1997 முதல் ஒரு சிறிய மையக் குழு கவனித்துவருகிறது. சொத்தும் பணமும் வியன்னாவில் உள்ள அறக்கட்டளையிடம். நம்பையில் வழிநடத்தும் குழு உண்டு, ஆனால் வழக்கமாக ஒருமித்த கருத்தால்தான் வேலை நடக்கும். பெரிய மாற்றத்துக்கு முன்மொழிவு ஆவணம் எழுத வேண்டும். அப்பாச்சி அறக்கட்டளைத் திட்டங்களில் 72 மணி நேரம் யாரும் மறுக்காவிட்டால் சம்மதம் என்று கொள்வார்கள். நிரல் மாற்றத்தை ஒருவர் மறுத்தால் அது நிற்கும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லாத மறுப்பு செல்லாது.

இந்தக் கடைசி விதி நமக்குப் புதிதல்ல. திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூர்க் கோயிலில் சுமார் 1,200 ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஊர்ச் சபையில் யார் பங்கெடுக்கலாம், என்ன கற்றிருக்க வேண்டும் என்று விதித்துவிட்டு, கொண்டுவரும் எதற்கும் "அன்று, அன்று" என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு முறைக்கும் ஐந்து காசு தண்டம் என்கிறது. தகுதியை எழுதி வைப்பது, மறுப்புக்குப் பொறுப்பு கேட்பது இரண்டும் இன்றைக்கும் வேண்டியவை. தண்டத்துக்குப் பதிலாக நாம் காரணம் கேட்கிறோம்.

நம் குளத் தொகுப்புக்கு இரண்டு பக்கத்தில் கவர்னன்ஸ் என்ற கோப்பை எழுதினால் போதும். முதல் ஆண்டில் மூன்று பேர் குழு: ஒரு பேராசிரியர், ஒரு மாணவர், கல்லூரிக்கு வெளியே ஒருவர். எழுத்துப்பிழை, கையேடு, சோதனை நிரல் போன்றவற்றை, எழுதியவர் அல்லாத ஒருவர் பார்த்தால் சேர்த்துவிடலாம். கணக்கின் விடையை மாற்றக்கூடிய எதுவும் — சூத்திரம், அலகு, பயனர் எதுவும் தராதபோது நிரல் எடுத்துக்கொள்ளும் இயல்பு மதிப்பு — ஏழு நாள் திறந்திருக்க வேண்டும், இருவர் ஒப்ப வேண்டும். உரிமம், பெயர், இந்த நிர்வாகக் கோப்பு ஆகியவற்றை மாற்ற பதினாலு நாளும் குழு முழுவதின் சம்மதமும். மறுப்பவர் காரணத்தையும் மாற்று வழியையும் எழுத வேண்டும். எழுதாத மறுப்பு கணக்கில் வராது. இழுபறி என்றால் குழு வாக்கெடுக்கும், சமமாக விழுந்தால் பழையதே நீடிக்கும். ஐந்து மாற்றங்கள் சேர்க்கப்பட்டு மூன்று மாதம் ஆனவரைப் பராமரிப்பாளராக முன்மொழியலாம். பன்னிரண்டு மாதம் செயல்படாதவர் பெயர் முன்னாள் பராமரிப்பாளர் பட்டியலுக்குப் போகும், சாவி, அதாவது கணக்குகளின் அனுமதி, திரும்பும். கேட்டால் மீண்டும் வரலாம்.

72 மணி நேரத்தை ஏழு நாளாக நீட்டியதற்குக் காரணம் உண்டு. செமஸ்டர் தேர்வு வந்தால் மாணவர்கள் மூன்று வாரம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தேர்வு நாட்களிலும் பொங்கல் வாரத்திலும் ஏழு நாள் ஓட்டம் நிற்கும் என்றுகூட எழுதிவிடலாம்.

இதையெல்லாம்விட முக்கியமான இரண்டு விதிகளைச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவிலோ, டீக்கடையிலோ பேசி முடித்தது முடிவு ஆகாது. ரெப்போவின் இஷ்யூ என்னும் விவாதப் பக்கத்தில் எழுதப்பட்ட பிறகே முடிவு. இரண்டாவது, பேராசிரியரின் திருத்தத்தையும் மாணவர் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும். நம் வகுப்பறைப் பழக்கத்தில் "சார் சொல்லிட்டாங்க" என்றால் பேச்சு முடிந்தது. அறிவியல் நிரலில் அங்கேதான் பிழை தங்கும். விதியாக எழுதிவிட்டால், சாரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அன்றாட வேலையின் ஒரு படி என்று ஆகிவிடும்.

இந்த விதிகள் ஒரு விவகாரத்தில் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். "நீர்மட்டத்தின் இயல்பு அலகு அடி, இதை மீட்டர் ஆக்குங்கள், வெளிநாட்டில் யாரும் அடியில் அளப்பதில்லை" என்று ஒருவர் இஷ்யூ திறக்கிறார். விடையை மாற்றும் விஷயம், எனவே ஏழு நாள். மூன்றாம் நாள் ஒருவர் மறுக்கிறார். காரணம் எழுதுகிறார்: களத்தில் இருக்கும் அளவுகோல் எல்லாம் அடி, பழைய நிரலை மாற்றாமல் ஓட்டுபவருக்கு 10 அடி என்பது 10 மீட்டராகப் போய் ஆழம் 3.28 மடங்கு கூடிவிடும், பிழைச் செய்தியும் வராது. மாற்று வழியும் எழுதுகிறார்: இயல்பு அலகே வேண்டாம், அடியா மீட்டரா என்று பயனர் ஒவ்வொரு முறையும் சொல்லியாக வேண்டும், அடுத்த வெளியீட்டில் எச்சரிக்கை மட்டும், 1.0 வெளியீட்டில் கட்டாயம். உள்ளே 1 அடிக்கு 0.3048 மீட்டர் என்று மாற்றிக்கொள்ளலாம். முன்மொழிந்தவர் ஏற்கிறார், இருவர் ஒப்புகிறார்கள், முடிவும் காரணமும் இஷ்யூவிலேயே எழுதி மூடப்படுகிறது. இரண்டு வருடம் கழித்து வரும் மாணவர் "ஏன் இப்படி?" என்று கேட்டால் காட்டுவதற்கு ஓர் இடம் இருக்கும்.

நடத்தை நெறிக்குப் பலரும் எடுத்துக்கொள்ளும் காண்ட்ரிப்யூட்டர் கவனன்ட் (2014) வாசகமே போதும். ஆனால் புகார் சொல்ல இரண்டு முகவரியாவது இருக்க வேண்டும், ஒன்று கல்லூரிக்கு வெளியே. புகாரே பராமரிப்பாளர் மேல் என்றால் எங்கே போவது?

ஏழாம் படி: சாவியும் பணமும்

ரெப்போ, பைத்தான் தொகுப்புகளை விநியோகிக்கும் தளமான பைபிஐயின் கணக்கு, டொமைன் (இணைய முகவரி), மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு உரிமையாளர்கள். கடைசி வருட மாணவர் ஒருவரின் சொந்தக் கணக்கில் எல்லாம் இருந்து, அவர் கைப்பேசி எண்ணும் மாறிவிட்டால் தொகுப்பு அப்படியே உறைந்துபோகும். பைபிஐ 2024 தொடக்கம் முதல் இரட்டை அடையாளச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள்.

அவசரப்பட்டுச் சாவி கொடுப்பதும் ஆபத்து. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கத் தொகுப்பின் விவகாரத்தில், களைத்துப்போன ஒற்றைப் பராமரிப்பாளருக்கு உதவுவதாக வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவரே பின்கதவு நிரலை நுழைத்துவிட்டார். வெளியிடும் அதிகாரத்தைக் கொடுப்பது குழுவின் எழுத்து முடிவாக இருக்கட்டும். வெளியீட்டை ஒருவர் தயார் செய்தால் மற்றவர் சரிபார்க்கட்டும்.

பணம் வராதவரை அமைப்பு எதையும் பதிவு செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும், ஆண்டுதோறும் கணக்கு காட்ட வேண்டும். பெரிய அறிவியல் திட்டங்கள் பல, 2012-இல் அமெரிக்காவில் தொடங்கிய நம்ஃபோக்கஸ் போன்ற லாப நோக்கற்ற அமைப்பின் குடையின்கீழ் நன்கொடை வாங்குகின்றன. இந்தியாவுக்குள் வெளிநாட்டுப் பணம் வருவதென்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே நிற்கும். ஆடிட்டரைக் கேட்காமல் வங்கிக் கணக்கு எண்ணை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எட்டாம் படி: முதல் வெளியீடு

மாணவருக்கும் பேராசிரியருக்கும் பலன் சேர்வது மேற்கோளில்தான். ரெப்போவில் சைட்டேஷன் கோப்பு ஒன்று வையுங்கள்: தொகுப்பின் பெயர், பதிப்பு எண், எழுதியவர்கள், ஆண்டு. பெயர் வரிசையை எப்படி முடிவு செய்வது என்பதையும் நிர்வாகக் கோப்பில் எழுதுங்கள். அகர வரிசை என்றால் சண்டை குறைவு. சோதனைத் தரவு சேகரித்தவர், கையேட்டைத் தமிழில் எழுதியவர் பெயர்களும் அதில் வர வேண்டும்.

ஜாஸ் என்ற திறமூல மென்பொருள் ஆய்விதழ் 2016 முதல் வருகிறது. அதில் கட்டுரை வெளியிட ஓஎஸ்ஐ ஏற்ற உரிமம் கட்டாயம். பங்களிப்பது எப்படி என்ற வழிகாட்டுதலும் தானியங்கிச் சோதனையும் இருக்கின்றனவா என்று மதிப்பீட்டாளர்கள் பார்ப்பார்கள். மேலே சொன்னதையெல்லாம் செய்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

நிரந்தர அடையாள எண்ணான டிஓஐக்கு, ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ களஞ்சியம் இலவசம். உங்கள் கிட்ஹப் கணக்கோடு ஜெனோடோவில் நுழைந்து, அந்த ரெப்போவின் பொத்தானை முதலில் இயக்குங்கள். அதற்குப் பிறகுதான் கிட்ஹப்பில் 0.1.0 வெளியீட்டை உருவாக்க வேண்டும். வரிசை மாறினால் ஏற்கெனவே செய்த வெளியீட்டை அது தானாக எடுத்துக்கொள்ளாது, 0.1.1 என்று இன்னொன்று போட வேண்டிவரும். எண் வந்ததும் ரீட்மீ கோப்பில் மேலேயே ஒட்டுங்கள், உரிமத்தின் பெயரை அதற்குக் கீழே.